பதினோராவது சத்தம்

சாளைமுனையில் ஒரே நொடியில் பதினோரு வெடி வெடித்தது, அதில் ஒன்றுக்குக்கூடச் சத்தம் வரவில்லை என்று சொன்னால் நீங்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அது பழகிவிட்டது. அப்படிப் பார்த்த ஒரு பெரிய மனிதர் கடைசியில் ஓர் அரிசி டிரம்முக்கு முன்னால் எப்படி விழித்துக்கொண்டு நின்றார் என்பதைத்தான் சொல்லப்போகிறோம்.

எங்கள் ஊர் கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற ஊர். ஆறு வள்ளம், ஒரு மாதா கோயில், ஓர் ஏலக்கூடம், அவ்வளவுதான். செல்போன் கோபுரத்தின் தயவு கரையோடு நின்றுவிடும். கடலுக்குள் கால் கிலோமீட்டர் போனால் போன் வெறும் கண்ணாடி. ஆகவே ஆறு வள்ளக்காரர்களும் சேர்ந்து பட்டணத்துச் சந்தைக்குப் போய், வள்ளத்துக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று என்று பன்னிரண்டு வாக்கி டாக்கி வாங்கிவந்தார்கள். கறுப்பாக, கைக்கு அடக்கமாக, கொஞ்சம் கனமாக இருந்தன. கனமான சாமான் நல்ல சாமான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். எங்கேயோ ஒரு தேசத்தில் இரண்டு கூட்டத்தார் சண்டை போட்டுக்கொண்டிருந்ததும், ஒரு கூட்டம் மற்ற கூட்டத்தின் கைக்குப் போகட்டும் என்று பேட்டரிக்குள் வெடிமருந்தை ஒளித்து, நாளும் நேரமும் குறித்து அனுப்பிய பெட்டிகளில் ஒன்று வழிமாறி எங்கள் சந்தைக்கு வந்துவிட்டதும் நாங்கள் பிறகு தெரிந்துகொண்டது. அனுப்பியவனுக்குச் சாளைமுனை என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பானா என்று மட்டும் கேட்காதீர்கள், எங்களுக்குக் கெட்ட கோபம் வரும்.

வாக்கி வந்த பிறகு ஊருக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. தினமும் காலை பத்து மணிக்குமேல், கரைக்குத் திரும்புகிற வள்ளங்கள் என்ன மீன் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லும். கரையில் ஐஸை உடைத்து, கூடையை அலசி, ஏலத்துக்குத் தயாராவோம். ஏலம் கூறுகிறவள் பிரகாசியம்மாள். அவள் குரல் கோயில் மணியைவிட நாலு வீடு கூடுதலாகப் போகும். அவள் புருஷன் கயத்தான் எதிர்மாறு, பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிறவன். இரண்டு பேருக்கும் பிறந்த ஜெனோவாவுக்கு ஒன்பது வயது, அம்மாவின் வாய். வாக்கியை முதலில் எடுக்கிறவள் அவள்தான். "அப்பா, என்ன மீனு? ஓவர்" என்று கேட்பாள். கேட்டது அப்பாவைத்தான் என்றாலும் கடலில் இருக்கிற ஆறு வள்ளமும் அவளுக்குப் பதில் சொல்லும். "சாளை, ஓவர்." "ஊளி, ஓவர்." "ஒண்ணுமில்ல மக்கா, ஓவர்." ஊரே அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு கூடையைத் தூக்கும்.

உப்புத்தண்ணீர் பட்டால் வாக்கி இருமும். அதற்கு எங்கள் பெண்கள் கண்டுபிடித்த வைத்தியம் அரிசி. டிரம்முக்குள் இருக்கிற அரிசியில் ஒரு ராத்திரி புதைத்து வைத்தால் ஈரத்தையெல்லாம் அரிசி குடித்துவிடும், காலையில் வாக்கி கணீரென்று பேசும். ஊரில் ஒருவர் தவறாமல் எல்லாரும் செய்தோம். அந்த வெள்ளிக்கிழமை கரையில் விளையாடின ஜெனோவா கையிலிருந்த வாக்கியை அலை நனைத்துவிட்டது. அவள் திட்டு வாங்கிக்கொண்டாள், வாக்கி அரிசிக்குள் போயிற்று.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. பத்து மணி தாண்டியதும் டிரம்முக்குள்ளிருந்து கயத்தானின் குரல் கேட்டது, "வீட்ல யாரு?" என்று. பிரகாசியம்மாள் முற்றத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையெல்லாம் செதில். "ஏ ஜெனோ, நீ எடுத்துப் பேசு" என்றாள். ஜெனோவா மூடியைத் திறந்து அரிசிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு வாக்கியை எடுத்து, வாயருகே வைத்து, "அப்பா, என்ன மீ" என்றாள். அப்போது மணி பத்துப் பத்து.

சத்தம் வரவில்லை. காகம் பறக்கவில்லை, நாய் எழுந்து நிற்கவில்லை, கோயிலில் பூசைத் துணியை மடித்துக்கொண்டிருந்த சாமியார் தலை நிமிரவில்லை. வாசலில் ஒரு வெளிச்சம் வந்து போனதையும், முற்றம் முழுக்க அரிசி மழையாகப் பெய்ததையும்தான் பிரகாசியம்மாள் பார்த்தாள். அதே நொடியில் கடலில் இரண்டு ஆண்கள் செத்தார்கள், ஏலக்கூடத்தில் ஒரு பெண் செத்தாள். கண்ணோ காதோ கையோ போனவர்கள் ஏழு பேர். பதில் வரட்டும் என்று வாக்கியை வள்ளத்துக் கம்பில் தொங்கவிட்டு வலையைப் பிடித்த கயத்தானுக்கு வலது கையில் மூன்று விரல் போயிற்று. ஊர் அழுத அழுகைக்குச் சத்தம் இருந்தது. வெடிக்குத்தான் இல்லை.

அதைப் பிடித்துக்கொண்டார் விசாரணை அதிகாரி. நல்ல மனிதர், மெல்லப் பேசுவார், பேசும்போது கைக்குட்டையை நாலாக மடித்து மடித்து வைப்பார். பக்கத்து ஊர்களில் யாரும் எதுவும் கேட்கவில்லை என்று எழுதி வாங்கினார். எங்களைக் கேட்டார். நாங்கள் பொய் சொல்கிற ஆட்கள் இல்லை, கேட்கவில்லை என்று சொல்லித் தொலைத்தோம். ஒரே நேரத்தில் பதினோரு கருவி வெடித்தால் சத்தம் வராமலா இருக்கும், ஆகவே அப்படி எதுவும் நடக்கவில்லை, இந்த ஊரார் வெடி போட்டு மீன் பிடிக்கிறவர்கள், அந்த வெடிதான் ஆங்காங்கே வெடித்திருக்கிறது என்று முடிவு கட்டினார். வெடிக்காத பன்னிரண்டாவது வாக்கி, வள்ளக்காரர்களில் ஒருவனான இன்னாசி வீட்டில் இருந்தது; பேட்டரி பத்து நாளாகச் செத்துக் கிடந்ததால் அது தப்பித்திருந்தது. அதை ஒரு மெக்கானிக் பிரித்துப் பேட்டரிக்குள் இருந்த வேண்டாத சரக்கைக் காட்டினான். விசாரணை அலுவலகத்துக்கு ஓடிப்போய்க் கொடுத்தோம். பத்திரமாக இருக்கும் என்று வாங்கி வைத்தார்கள். மறுவாரம் போய்க் கேட்டபோது எந்த வாக்கி என்று கேட்டார்கள்.

பிறகு அறிக்கையின் நகல் வந்தது. ஏழாம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: 'மேற்படி பிரகாசியம்மாள் என்பவரின் வீட்டில் அரிசிக் கொள்கலனுக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்த வெடிபொருளை ஜெனோவா (வயது 9) கையாண்டபோது விபத்து நேரிட்டது.' பிரகாசியம்மாள் அதை ஒரு தரம் படித்தாள். பிறகு தாள் இல்லாமலே சொல்ல அவளுக்கு வந்துவிட்டது. பிள்ளை போனதற்கு அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். இந்த வாக்கியத்துக்கு அழவில்லை. "மறைத்து வைக்கப்பட்டிருந்த" என்ற இடத்துக்கு வரும்போது மட்டும் பல்லைக் கடிப்பாள். அந்த ஒரு வரியை அடிக்க வைக்காமல் என் வீட்டில் உலை கொதிக்காது என்றாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் சோறு பக்கத்து வீட்டிலிருந்துதான் போயிற்று.

இதற்கிடையில், அடக்கம் முடிந்த எட்டாம் நாள், கடலில் புருஷனைப் பறிகொடுத்த மிக்கேலம்மாள் கஞ்சி வைக்கலாம் என்று குக்கர் மூடியைத் திறந்தாள். உள்ளேயிருந்து வெடிச் சத்தம் வந்தது. பதினெட்டு ஓடு விழுந்தது, கோழி கூரைமேல் ஏறிற்று, அவள் பயந்துபோய் மூடியை அடித்து மூடினாள். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இதுதான். அவுகளைக் கொண்டுபோனது இதுதான்" என்றாள். "பாதி போச்சு. பாதி உள்ள இருக்கு."

அப்போதுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. வராமல் போன சத்தம் எங்கேயும் போகவில்லை, அந்தந்த வீட்டிலோ வள்ளத்திலோ அந்த நேரத்தில் காலியாகக் கிடந்த ஏதோ ஒரு பாத்திரத்துக்குள் போய் அடங்கிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் பாத்திரங்களைத் தூக்கிப் பார்த்தோம். காலியாக இருந்தும் கனக்கிற பாத்திரம் எதுவோ அதுதான். ஒரு வீட்டில் பித்தளைத் தூக்குச்சட்டி, ஒரு வீட்டில் தேத்தண்ணீர் பிளாஸ்க், ஏலக்கூடத்தில் பெயின்ட் வாளி, கயத்தானின் வள்ளத்தில் மூடி போட்ட டீசல் கேன். தொட்டால் ஐஸைத் தொட்டது போலச் சில்லென்று இருந்தது. காதை வைத்தால் ஒன்றும் கேட்காது, ஆனால் பல் கூசும்.

அதோடு வாழப் பழகிக்கொண்டோம். மூடியைச் சேலைத் தலைப்பால் வரிந்து கட்டி, மாதா சுருபம் வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். சாமியாரைக் கேட்டோம், அவர் வந்து மந்திரித்துப் பார்த்தார், கனம் கூடவுமில்லை குறையவுமில்லை, சரி இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். வீட்டுக்கு வந்த சம்பந்தி பிளாஸ்கைத் திறக்கப் போக, நாலு பேர் பாய்ந்து பிடித்தார்கள். எங்கள் வீட்டுச் சத்தம் உங்கள் வீட்டுச் சத்தத்தைவிடக் கனம் என்று இரண்டு பெண்கள் குழாயடியில் சண்டை போட்டு, சண்டையின் நடுவில் கட்டிப்பிடித்து அழுதார்கள். செத்தவர்களின் உடம்பைக்கூட எங்களுக்கு முழுசாகத் தரவில்லை. அவர்களிடமிருந்து மிஞ்சி எங்கள் கையில் இருந்தது இந்தச் சத்தம்தான், அதனால் அதைத் துடைத்து, தூசி தட்டி, காலையில் எழுந்ததும் மூடியைத் தொட்டுப் பார்த்தோம்.

சேதி எப்படியோ மேலே போய்விட்டது. சோதனைக்கு வேண்டும் என்று சொல்லிப் பாத்திரங்களை வாங்கிப்போக ஒரு லாரி வந்தது. வாங்கிப்போய் ஆளில்லாத கடலில் திறந்துவிடுவார்கள், பிறகு சத்தமும் இல்லை சாட்சியும் இல்லை. எங்களுக்குத் தெரியாதா? பணிவாகக் கும்பிட்டு, வேறு பதினோரு பாத்திரத்தில் நெத்திலிக் கருவாட்டை அடைத்து, சேலைத் துணியால் கட்டி ஏற்றிவிட்டோம். அவர்கள் தலைக்கவசம், நெஞ்சுக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு திறந்து பார்த்திருப்பார்கள். அதற்கப்புறம் லாரி வரவில்லை.

பிரகாசியம்மாள் எந்தப் பாத்திரத்தையும் தூக்கிப் பார்க்கவில்லை. அவள் வீட்டுச் சத்தம் எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்த டிரம்மில் பாதி அரிசி இன்னும் இருந்தது. அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரி மூடி வைத்த மூடியை யாரும் திறக்கவில்லை. தரையைக் கழுவ வேண்டும் என்று ஒருநாள் நாலு ஆண்கள் சேர்ந்து நகர்த்திப் பார்த்தார்கள், வள்ளத்தையே கரையேற்றுகிற ஆட்கள், ஓர் அங்குலம் அசையவில்லை.

அசையாதது டிரம் மட்டுமில்லை. கயத்தானும் பிரகாசியம்மாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மூன்று மாதமாயிற்று. அவள் ஏலம் கூறப் போகவில்லை. அவன் மிச்சமிருந்த விரல்களால் வலையைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தான். இந்த நிலையில்தான் கடைசி விசாரணைக்குத் தேதி வந்தது. ஆட்சேபணை இருந்தால் ஆதாரத்தோடு வரலாம், இல்லாவிட்டால் அறிக்கை அப்படியே உறுதியாகும் என்று எழுதியிருந்தது.

அன்று ஊர் கூடிற்று. ஆதாரம் என்றால் பாத்திரங்கள்தான், திறந்தால் சத்தம் போய்விடும். எங்களில் நிறையப் பேருக்கு மனம் வரவில்லை; உண்மையைச் சொன்னால், தலையைக் குனிந்துகொண்டோம். மிக்கேலம்மாள்தான் முதலில் எழுந்தாள். "எங்கிட்ட இருக்கது பாதி. பாதியும் போனா நான் வெறுங்கை. ஆனா அந்தப் பிள்ள பேர்ல இப்படி ஒரு எழுத்து இருக்கயில, நான் குக்கரக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு என்னத்துக்கு இருக்கணும்? நான் கொண்டாரேன்" என்றாள். அவள் சொன்ன பிறகு மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா?

புறப்படுகிற அன்று காலை பிரகாசியம்மாள் டிரம்முக்கு முன்னால் போய் நின்றாள். கயத்தான் வாசலில் நின்றான். நாங்கள் முற்றத்தில் நின்றோம், கேட்கக் கூடாது என்று நினைத்தோம், கேட்டுவிட்டோம்.

"நாந்தான் கூப்பிட்டேன்" என்றான் கயத்தான். "கூப்பிடாம இருந்திருந்தா அவ அதத் தொட்டிருக்க மாட்டா."

"நாந்தான் எடுக்கச் சொன்னேன்" என்றாள் அவள். "கையில செதிலுன்னு சொன்னேன். கழுவ எம்புட்டு நேரமாவும் எனக்கு?"

பிரகாசியம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிறகு பிரகாசியம்மாளின் ஏலக் குரல் மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக வெளியே வந்தது. "அப்பன் மவளக் கூப்பிடுதது ஒரு குத்தமா? ஆத்தா பிள்ளைய எடுத்துப் பேசச் சொல்லுதது ஒரு குத்தமா? மருந்து வச்சவன் எவனோ எங்கயோ காலாட்டிக்கிட்டு இருக்கான், நீங்களும் நானும் மூஞ்சியப் பாக்க முடியாமச் சாவுதோம். பிடிங்க அந்தப் பக்கம்!"

அவன் ஏழு விரலால் ஒரு பக்கம் பிடித்தான், அவள் பத்து விரலால் மறுபக்கம் பிடித்தாள். நாலு ஆளுக்கு அசையாத டிரம் காய்ந்த வலையைத் தூக்குவது போல எழுந்து வந்தது.

பட்டணத்து விசாரணைக் கூடத்தில் அதிகாரி அறிக்கையை மெல்லிய குரலில் படித்தார். கைக்குட்டையை மடித்தார். "அம்மா, உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் சத்தமே இல்லாத வெடியை நான் எப்படி அம்மா நம்புவது?" என்று கேட்டார்.

"நம்ப வேண்டாம் அய்யா, கேளுங்க" என்றாள் மிக்கேலம்மாள். பத்துப் பாத்திரத்துக்கும் உரியவர்கள் முடிச்சை அவிழ்த்து, ஒரே நேரத்தில் மூடிகளைத் திறந்தார்கள்.

அதைப் பற்றி விவரித்து உங்களைப் பயமுறுத்தப் போவதில்லை. கூடத்தில் ஒரு ஜன்னலுக்கும் கண்ணாடி இல்லாமல் போயிற்று. சுவரிலிருந்த கடிகாரம் பத்துப் பத்துக்குத் திரும்பி நின்றது. பட்டணத்து நாய்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடின, மூன்று தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபத்தில் மேளம் நின்றது, தாலி கட்டப் போன மாப்பிள்ளை மேசைக்கடியில் இருந்தான். மூன்று மாதம் முன்பு எங்களுக்கு வர வேண்டியது அன்று எல்லாருக்கும் வந்தது. பத்துப் பாத்திரமும் லேசாகிவிட்டன; மிக்கேலம்மாள் குக்கரைக் கவிழ்த்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

அதிகாரி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வெடி ஒரே நேரத்தில் வெடித்திருக்கலாம் என்று எழுதுவதாகச் சொன்னார். "ஆனாலும் அந்த வீட்டில் அரிசிக்குள் மறைத்து வைத்திருந்தது..." என்று ஆரம்பித்தார்.

பிரகாசியம்மாளும் கயத்தானும் டிரம்மைத் தூக்கிவந்து அவர் மேசைக்கு முன்னால் வைத்தார்கள். வைத்தபோது தரையில் ஒரு கல் விரிசல் விட்டது.

"ஒளிச்சு வச்சோம்னு எழுதியிருக்கீக" என்றாள் அவள். "அந்த அரிசி இதுதான். எம் மவ மொழங்கை மட்டும் விட்டா. நீங்க மணிக்கட்டு மட்டும் விடுங்க போதும். ஒளிச்சு வச்சதா, காய வச்சதான்னு நீங்களே பாருங்க."

அதிகாரி மூடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கையை நீட்டவும் செய்தார், பொய் சொல்லக் கூடாது. மூடிக்கு ஒரு சாண் மேலே அந்தக் கை நின்றுவிட்டது. கைக்குட்டை கீழே விழுந்தது, அவர் குனிந்து எடுக்கவில்லை.

"ஒம்பது வயசுப் பிள்ள பயமில்லாம விட்ட கை" என்றாள் பிரகாசியம்மாள். "எங்க வீட்டு அரிசிக்குள்ள பயப்பட ஒண்ணுமில்லன்னு அவளுக்குத் தெரியும். உள்ள இருக்கது எவன் வச்சதுன்னு உங்களுக்குத் தெரியும், அதான் உங்க கை கீழ இறங்க மாட்டேங்குது."

"அந்த வரியை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை அம்மா. மேலே கேட்க வேண்டும்" என்றார் அவர். அன்றைக்குத்தான் அவர் பேசியதில் ஒரு மனிதக் குரல் இருந்தது என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள்.

"கேளுங்க. டிரம் இங்கயே இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே நடந்தாள். நாங்களும் நடந்தோம்.

ஆறு காவலர்கள் தூக்கிப் பார்த்தார்கள், கிரேன் கொண்டுவந்தார்கள், கயிறு அறுந்தது. கடைசியில் மேசைகளைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு அலுவலகம் நடந்தது. அங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை, கோப்புகளை மேசையில் போடுவதில்லை, நடக்கும்போது செருப்பைக் கழற்றிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். திங்கள்கிழமைதோறும் பிரகாசியம்மாள் பஸ் ஏறிப்போய், டிரம்மின் தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு வருவாள். அவள் உள்ளே நுழைந்தால் எல்லாரும் எழுந்து நின்றார்கள், மேலேயிருந்து வந்த பெரிய அதிகாரிகள் உட்பட. ஒவ்வொருவரிடமும், "கைய விட்டுப் பாக்கீகளா?" என்று கேட்பாள். ஒருவரும் விடவில்லை.

பதினான்காவது திங்கள்கிழமை, அவள் துடைத்து முடித்ததும் அந்த அதிகாரியே ஒரு தாளை இரண்டு கையாலும் நீட்டினார். ஏழாம் பக்கம், திருத்தப்பட்டது. 'வெடிமருந்து முன்கூட்டியே பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்த தகவல் தொடர்புக் கருவி, ஈரம் உலர்வதற்காக அரிசியில் வைக்கப்பட்டிருந்தது. தந்தையின் அழைப்புக்குப் பதில் சொல்ல அதை எடுத்த ஜெனோவா (வயது 9) கொல்லப்பட்டார். மருந்தைப் பொருத்தியவர்கள்: அடையாளம் தெரியாதவர்கள்.'

அவள் அங்கேயே நின்று படித்தாள். இரண்டு தரம் படித்தாள். தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். அதிகாரி தயங்கித் தயங்கி, "அப்படியென்றால் அம்மா, டிரம்மை..." என்றார்.

"கடைசி வரியில ஒரு பேரு குறையுது" என்றாள் பிரகாசியம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அத எழுதுங்க. நானும் அவ அப்பனும் வந்து தூக்கிக்கிடுதோம். அதுவரைக்கும் எம் மவ சத்தம் உங்க மேசைக்கு முன்னால இருக்கட்டும்."

டிரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள், ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

தாள் கிடைத்த மறுநாள் அவள் வீட்டில் புது அரிசி வாங்கி உலை வைத்தாள். கொதி வந்ததும் அடுப்பைக் குறைத்துவிட்டு, மணி பத்தானதைப் பார்த்து, நேராகக் கரைக்கு வந்து தண்ணீரில் முட்டளவு இறங்கி நின்றாள். எங்கள் ஊரில் இப்போது யார் கையிலும் வாக்கி கிடையாது. ஜெனோவா சொல்லி முடிக்காமல் போன அந்தக் கடைசிச் சொல்லை அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு யாரும் வாயெடுத்துச் சொன்னதும் கிடையாது. வள்ளங்கள் தொலைவில் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தன. பிரகாசியம்மாள் இரண்டு கையையும் வாயருகே குவித்து, ஏலம் கூறுகிற அந்தக் குரலை முழுசாக எடுத்து, கடலைப் பார்த்துக் கேட்டாள்.

"என்ன மீனு? ஓவர்!"

ஓர் அலை வந்து அவள் முழங்காலைத் தொட்டுத் திரும்பிற்று. பிறகு பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுகிற கயத்தானின் குரல் தண்ணீர்மேல் வந்தது, அவனுக்குப் பின்னால் மற்ற ஐந்து வள்ளங்களிலிருந்தும் ஒவ்வொரு குரலாக வந்தது, சாளை என்றும் ஊளி என்றும் ஒன்றுமில்லை என்றும். ஒவ்வொருவரும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் முடித்தார்கள். நாங்கள் கூடைகளைத் தூக்கினோம்.